பழைய ஸ்ப்ளெண்டருக்கு வீட்டு வாசலிலேயே இன்ஜின் சர்வீஸ்

1994இல் வந்த ஸ்ப்ளெண்டர் பைக், 2020இல் பிஎஸ்6 புகை விதிக்காக ஃப்யூல் இஞ்செக்ஷனுக்கு மாறும் வரை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் வைத்த வண்டியாகத்தான் ஓடியது. 97.2 சிசி, காற்றில் குளிரும் இன்ஜின், ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் பம்ப், சென்சார் என்று எதுவும் குறுக்கே வராது. வண்டி வேலை புதிதாகப் பழகுபவருக்கு இதைவிடத் தோதான இன்ஜின் கிடைக்காது.

சர்வீஸை நாமே செய்வதால் மிச்சமாகும் கூலி பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனால் கடையில் விட்டால், கழற்றிய ஸ்பார்க் பிளக்கையும் வடித்த ஆயிலையும் நாம் பார்ப்பதற்குள் தூக்கிப் போட்டுவிடுவார்கள். வயசான இன்ஜினின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்வதே அந்த இரண்டும்தான். அதைக் கண்ணால் பார்க்கவே இந்த வேலையை நாமே செய்வது நல்லது.

வேண்டிய சாமான்

17 நம்பர் ரிங் ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், புனல், பழைய பேசின், பனியன் துணி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு), டிரெயின் போல்ட்டுக்கு (இன்ஜின் அடியில் ஆயில் வடிக்கும் போல்ட்) புது வாஷர். ஆயில் 10டபிள்யூ30, டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக்குறி ஜாஸோ எம்ஏ (JASO MA) இருக்கிறதா என்று பாருங்கள். கார் ஆயில் மீதி இருக்கிறதே என்று ஊற்றாதீர்கள். பைக்கில் கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் முங்கிக் கிடக்கின்றன. கார் ஆயிலில் வழுக்கலுக்காகச் சேர்க்கும் மருந்து கிளட்ச்சை ஸ்லிப் ஆக்கிவிடும். 900 மில்லி டப்பா ஒன்று வாங்குங்கள். சீல் உடைந்த டப்பாவாக இருந்தால் வாங்க வேண்டாம்.

1. முதலில் பிளக், இன்ஜின் ஆறியிருக்கும்போது

பலரும் ஆயிலில் தொடங்குவார்கள். ஆனால் பிளக்கை இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போதுதான் கழற்ற வேண்டும். பிளக் உட்காரும் ஹெட் அலுமினியம். சூட்டில் திருகினால் மரை போய்விடும். அதனால் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

கேப்பை இழுத்து எடுத்ததும் பிளக்கைச் சுற்றி இருக்கும் மண்ணை நன்றாக ஊதிவிடுங்கள். இல்லாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள் விழும். பிறகு கழற்றி, முனையை வெளிச்சத்தில் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் கவலை இல்லை. காய்ந்த கரி, தொட்டால் விரலில் ஒட்டுகிறது என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. கறுப்பாக, ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவாகப் போய் இன்ஜின் சூடாகிறது.

முனை கரைந்திருந்தால் புதிது போடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஃபீலர் கேஜால் இடைவெளியைப் பாருங்கள். ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸுக்கு 0.8 முதல் 0.9 மி.மீ. இன்னும் பழைய வண்டிக்கு மேனுவலில் இருக்கும் அளவுதான் கணக்கு.

மாட்டும்போது ஸ்பேனரைத் தொடாமல் கையாலேயே முழுக்கத் திருகுங்கள். பாதியில் இறுகினால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். கையால் முடிந்த பிறகு, புது பிளக்குக்கு ஸ்பேனரால் அரைச் சுற்று போதும். பழையதற்கு அதுகூட வேண்டாம், லேசாக இறுக்கினால் போதும்.

2. ஏர் ஃபில்டர்

சைடு கவரைத் திறந்தால் தெரியும். ஸ்பாஞ்ச் வகை என்றால் மண்ணெண்ணெயில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து உலர்த்துங்கள். அப்புறம் கொஞ்சம் ஆயில் விட்டுப் பிசைந்து மாட்டுங்கள். பிசுபிசுப்பான பேப்பர் வகை என்றால் கழுவவும் கூடாது, காற்றடிக்கவும் கூடாது. மாற்றத்தான் வேண்டும்.

3. ஆயில் வடித்தல்

இப்போது வண்டியை ஸ்டார்ட் செய்து நாலைந்து நிமிடம் ஓடவிடுங்கள். வெதுவெதுப்பான ஆயில்தான் அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். நிறுத்தி, டபுள் ஸ்டாண்டு போட்டு, மேலே இருக்கும் ஆயில் மூடியைத் தளர்த்திவிட்டு, கீழே பேசினை வையுங்கள். சைலென்சர் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரெயின் போல்ட்டைக் கீழேயிருந்து நேருக்கு நேர் பார்த்தபடி இடப்பக்கமாகச் சுற்றுங்கள். மேலேயிருந்து எட்டிப் பார்த்தபடி சுற்றினால் திசை தடுமாறும். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்போம். கடைசி மரை விடும்போது ஆயில் சட்டென்று பக்கவாட்டில் பீச்சும், கையை ஒதுக்கி வையுங்கள். ஒரு பத்து நிமிடம் முழுக்க வடியட்டும்.

வடிந்ததை உடனே கொட்டாதீர்கள். கறுப்பாக இருப்பது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். காலி 900 மில்லி டப்பாவில் ஊற்றி அளந்து பாருங்கள். அறுநூறுதான் தேறுகிறது, வெளியே கசிவும் இல்லை என்றால் மீதியை இன்ஜின் குடித்திருக்கிறது. பிளக்கும் எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருந்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகும். பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரவை நிறுத்தும் ஊசியான ஃப்ளோட் நீடில் சரியாக மூடவில்லை. மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழை வெள்ளத்தில் நின்ற வண்டியில் இதைப் பார்க்கலாம், அதைக் கிக் அடிக்காமல் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவதே உத்தமம். அடியில் கையில் நெருடும் உலோகத் துகள் கிடந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

4. மூடி, ஊற்றி, அளவு பார்த்தல்

போல்ட்டைத் துடைத்து, புது வாஷரோடு கையால் திருகி, ஸ்பேனரைப் பிடித்து நிதானமாக இறுக்குங்கள். ஸ்பேனரில் பைப் செருகி இறுக்குவது வேண்டாம். அடி அலுமினியத்தில் மரை ஸ்லிப் ஆனால் அப்புறம் லேத் பட்டறைதான்.

மேனுவலில் சொன்ன அளவு ஆயிலைப் புனல் வைத்து ஊற்றி, மூடி, இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்துங்கள். இன்னும் இரண்டு நிமிடம் கழித்து, டபுள் ஸ்டாண்டிலேயே வைத்து, டிப்ஸ்டிக்கை (ஆயில் மூடியோடு இருக்கும் அளவுக் கம்பி) துடைத்துவிட்டுத் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. அதிகம் ஊற்றினால் நல்லது என்று நினைக்காதீர்கள், அதுவும் கெடுதல்தான்.

இந்த இன்ஜினில் மாற்றுவதற்குப் பேப்பர் ஆயில் ஃபில்டர் கிடையாது. வலது கவருக்குள் வலையும், சுழன்று அழுக்கைப் பிடிக்கும் வட்டும் இருக்கின்றன. அவற்றைச் சுத்தம் செய்வதையும் டேப்பெட் வைப்பதையும் (வால்வு இடைவெளியைச் சரிசெய்வது) இப்போதைக்கு மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

பழைய ஆயிலைச் செயினுக்கு விடுவது பலருக்கும் வழக்கம். அதில் இருக்கும் துகள் செயினைத்தான் தேய்க்கும். சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். பக்கத்து ஒர்க் ஷாப்பில் கழிவு ஆயில் டிரம் இருக்கும், அங்கே கொடுத்துவிடலாம்.

கிலோமீட்டரையும் தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி சைடு கவரின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். பழைய வண்டிக்கு 3000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றலாம். இடையில் வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். இன்று ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு நிறுத்துங்கள். காலையில் அதில் சொட்டு தெரிந்தால் போல்ட்டை இன்னும் முறுக்காமல், வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.