ராக் கேட்க பெங்களூரு எதுக்கு?

இண்டி ராக் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத ராக்) கச்சேரிக்காக பெங்களூருக்கு பஸ் ஏறுபவர்களுக்கு ஒரு வார்த்தை: நம்ம சென்னையிலேயே பேண்டுகள் இருக்கு. 2012-ல் இங்கே தொடங்கிய எஃப்16ஸ், அதற்கும் முன்பே வந்த ஸ்க்ராட், கானாவையும் ராக்கையும் ராப்பையும் கலந்து 2018-ல் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ். பிடித்த பேண்டின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு நோட்டிஃபிகேஷன் போட்டு வையுங்கள். சின்ன கச்சேரிகளுக்கு யாரும் சுவரில் போஸ்டர் ஒட்டுவதில்லை. நாலைந்து நாள் முன்னால் ஒரு ஸ்டோரி வரும், அவ்வளவுதான்.

ருசி பார்க்க ஜூன் 21 உலக இசை நாள் நல்ல சமயம். நுங்கம்பாக்கத்தில் உள்ள பிரெஞ்சு கலாசார மையமான அலியான்ஸ் பிரான்சேஸ் பக்கம் ஒரு கண் வையுங்கள். ஜனவரியில் ஐஐடி மாணவர்களின் கலைவிழாவான சாரங்.

திறந்தவெளி என்றால் சீக்கிரம் போய்விடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால் எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். "ராக் ஷோதானே, ஒன்பதுக்குத்தான் சூடு பிடிக்கும்" என்று நான் சாவகாசமாகப் பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் போன அன்று, கிடைத்தது கடைசி இரண்டு பாட்டு. (பரோட்டா நன்றாகத்தான் இருந்தது.)

முக்கியமானது, நிற்கும் இடம். முண்டியடித்து ஸ்பீக்கர் முன்னால் போய் நின்றால் டிரம்ஸும் பேஸும்தான் நெஞ்சில் இடிக்கும், பாடுபவர் குரல் அமுங்கிவிடும். சவுண்ட் என்ஜினியர் ஒலி கலக்கும் மிக்சர் கருவியோடு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் தன் காதுக்குச் சரியாக விழும்படிதான் எல்லாவற்றையும் கலக்குகிறார். மெடிக்கல் ஷாப்பில் ஃபோம் இயர்பிளக் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் பஞ்சு போதாது.