எக்ஸ்-பிளேனில் கென்னடி விண்வெளி மையம்

எக்ஸ்-பிளேன் என்ற விமான சிமுலேட்டருக்குள் கென்னடி விண்வெளி மையத்தை உருவாக்கப் போகிறீர்களா? ஏவுதளக் கோபுரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஓடுபாதையில் தொடங்குங்கள். ஷட்டில் விண்வெளி ஓடம் இறங்கிய பாதை 4,572 மீட்டர் நீளம், 91 மீட்டர் அகலம். எக்ஸ்-பிளேனின் நிலக்காட்சிக் கருவியான வேர்ல்டு எடிட்டரில் அதைச் சரியாகப் பதித்துவிட்டால் மற்றதற்கெல்லாம் அதுவே அளவுகோல்.

அடுத்து, ராக்கெட் பூட்டும் கூடம். 3டி வடிவமைப்பு மென்பொருளான பிளெண்டரில் 160 மீட்டர் உயரப் பெட்டி போதும். அமெரிக்கக் கொடியும் நெடுங்கதவுகளும் டெக்ஸ்சரில், அதாவது மேலே ஒட்டும் படத்தில், தெளிவாக இருந்தால் வானத்திலிருந்தே அடையாளம் தெரியும்.

எனக்குப் பிடித்தது கிராலர் பாதை, ராக்கெட்டை ஏவுமேடைக்குச் சுமந்துபோகும் ராட்சத வண்டியின் வழி. இரண்டு தடம், நடுவே ஒரு இடைவெளி. தார் பூசிவிடாதீர்கள், அது ஆற்றுக் கூழாங்கல்; வெளிறிய பழுப்பு கொடுங்கள். 39ஏ ஏவுமேடைக்கு ஏறும் இடத்தில் சரிவு கட்டாயம் வேண்டும், தட்டையாக விட்டால் மொத்தமும் பொய்யாகத் தெரியும். கோபுரக் கம்பிகள் கிட்டே மட்டும் 3டி. தூரத்துக்கு எளிய வடிவம் வையுங்கள். இல்லையென்றால் ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை காட்சி என்ற வேகம், படுத்துவிடும்.