வீட்டு சிஎன்சிக்கு லீனியர் ரயில் வாங்கும்போது எங்கே பணம் போட வேண்டும்

சிஎன்சி என்பது கணினி சொல்கிறபடி வெட்டும் மெஷின்; அதன் வெட்டும் தலை நேராக நகர வழிகாட்டும் தண்டவாளம்தான் லீனியர் ரயில். என் முதல் சிஎன்சிக்கு ரயிலாக 16 மி.மீ. விட்டமுள்ள உருளைக் கம்பி இரண்டு வாங்கினேன். கையில் எடுத்துப் பார்த்தபோது நல்ல கனம், வளையவே வளையாது என்று நம்பினேன். இரண்டு முனைகளில் மட்டும் பிடிமானம். நடுவே 600 மி.மீ. அந்தரம். பிளைவுட்டில் நேராக ஒரு கோடு ஓட்டினேன். ஓரத்தில் 3 மி.மீ. ஆழமிருந்த பள்ளம் நடுவில் கிட்டத்தட்ட 3.4 ஆகியிருந்தது.

பிறகுதான் கணக்குப் போட்டேன். அந்த நீளத்தில் ஒரு கம்பியின் நடுவே 10 கிலோ ஏற்றினால் 0.7 மி.மீ. தொய்யும். வெட்டும் முனையைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டிலும் அதைத் தாங்கும் தட்டுமாகச் சேர்ந்து ஏறக்குறைய அந்த எடைதான். இரண்டு கம்பிகள் பகிர்ந்துகொண்டதால் பாதி தொய்வு. நீளம் இரட்டித்தால் தொய்வு எட்டு மடங்காகும். அதே கம்பியை 300 மி.மீ.க்குள் பயன்படுத்தினால் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதைத் தாண்டும் இடத்தில், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அடியில் தாங்கல் இல்லாத கம்பி வேண்டாம்.

அடுத்த படி எஸ்பிஆர் வகை. கம்பியின் அடியில் முழு நீளத்துக்கும் அலுமினியத் தாங்கி இருப்பதால் தொய்வு என்ற பேச்சே இல்லை. ஆனால் பேரிங் அடிப்பக்கம் திறந்திருக்கும். மேலிருந்து அழுத்தினால் நன்றாகத் தாங்கும், பிளாக்கை, அதாவது ரயில்மேல் ஓடும் பேரிங் பெட்டியை, மேல்நோக்கி இழுக்கும் விசைக்கு அவ்வளவு வலு கிடையாது. அதனால் மேசையின் நீளவாட்டில், கேன்ட்ரியின் (மேசைக்குக் குறுக்கே நின்று ஸ்பிண்டிலைச் சுமக்கும் பாலம்) எடை நேராக மேலே உட்காரும் இடத்துக்கு எஸ்பிஆர்16 தாராளமாகப் போதும். மெஷினிலேயே நீளமான ரயில் அதுதான், சிக்கனம் பலிப்பதும் அங்கேதான்.

கேன்ட்ரியின் குறுக்கிலும், மேலும் கீழும் நகரும் இசட் அச்சிலும் நிலைமை வேறு. வெட்டும் முனை ரயிலிலிருந்து தள்ளி நிற்பதால், ஒவ்வொரு வெட்டும் பிளாக்கை முறுக்கப் பார்க்கும். அங்கே சதுர ரயில்தான் சரி. எச்ஜிஆர்15 என்ற சதுர ரயிலும் அதன் பிளாக்கும் சேர்ந்து 28 மி.மீ. உயரம், எஸ்பிஆர்16 என்றால் 45. அந்த 17 மி.மீ. மிச்சமானால் முறுக்கும் அவ்வளவுக்குக் குறையும். இசட்டுக்குத் தேவைப்படும் ரயிலோ மிகச் சிறிது, அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. எம்ஜிஎன்12 என்ற சிறு சதுர ரயில் சிறிய மெஷினின் இசட்டுக்கு ஆகும். பள்ளத்தில் உருளும் பிளாஸ்டிக் சக்கரங்களை பேனா, லேசர் மெஷினோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மலிவு ரயில் கைக்கு வந்ததும் இதைச் செய்யுங்கள். ரயிலை மேசைமேல் வைத்து, பிளாக்கை ஒரே விரலால் மெதுவாக இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தள்ளுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் தட்டினால் ரயிலில் கோளாறு, திருப்பி அனுப்புங்கள். வழி நெடுக நறநறவென்றால் பிளாக்குக்குள் அழுக்கு. கழுவி கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிறகு பிளாக்கைப் பிடித்து முறுக்குங்கள். 'கடக்'கென்று ஆட்டம் தெரிந்தால் அது வெட்டும் மெஷினுக்கு ஆகாது. ரயில் லேசாக வளைந்திருந்தால் பயப்படாதீர்கள், தட்டையான தளத்தில் திருகினால் நிமிர்ந்துவிடும்.

பிளாக்கோடு வரும் பிளாஸ்டிக் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். ரயிலிலிருந்து பிளாக்கைக் கழற்றும்போது அதை முனையோடு ஒட்டி வைத்து, பிளாக்கை அதன்மேல் நகர்த்த வேண்டும். நான் அப்படியே உருவி எடுத்தேன். பிளாக்குக்குள் உருளும் பேரிங் குண்டுகள் தரையெங்கும் ஓடின. ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கி மறுபடி அடுக்க ஒரு மாலை முழுக்கப் போனது.

மிச்சம் பிடித்த பணத்தை ரயில் உட்காரும் தளத்தில் போடுங்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். கோணலான தளத்தில் விலையுயர்ந்த ரயிலும் கோணலாகத்தான் ஓடும். நேர்சட்டம் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிற இடத்தில் மெல்லிய பித்தளைத் தகடு செருகுங்கள். முதல் ரயிலை நேர்சட்டத்தோடு ஒட்டி முழுதாக இறுக்குங்கள். இரண்டாவதன் திருகுகளைத் தளர்வாக விட்டு, கேன்ட்ரியை மாட்டி, அது எந்தத் திருகுக்கு அருகே நிற்கிறதோ அதை மட்டும் இறுக்கி அடுத்ததற்கு நகர்த்துங்கள். கடைசித் திருகு முடிந்ததும் கேன்ட்ரியை ஒரு கையால் தள்ளிப் பாருங்கள். எங்காவது கனத்தால் அந்த இடத்துத் திருகைத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள்.