கொய்யா வேரில் இருப்பது எந்த நூற்புழு? ஒற்றைப் பெண் புழுவைக் கொண்டு பிசிஆர் செய்யும் முறை

கொய்யா வேரில் முடிச்சைக் கண்டதும் மெலாய்டோகைன் இன்காக்னிட்டா என்ற வேர்முடிச்சு நூற்புழு இனம் என்று எழுதிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் இப்புழுக்களுக்கு எதிரான தக்காளியின் எம்ஐ-1 எதிர்ப்பு மரபணுவையும் மீறிப் பெருகக்கூடிய இன்னொரு இனமான மெலாய்டோகைன் எண்டரோலோபி, 2016-இல் தமிழ்நாட்டுக் கொய்யாவில் பதிவாகிவிட்டது. பெண் புழுவின் பின்புறத் தோல்வரிகள் இரண்டு இனங்களிலும் ஒத்திருப்பதால், பிசிஆர் (டிஎன்ஏவின் குறிப்பிட்ட பகுதியைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் வினை) போன்ற மூலக்கூறு முறையில் உறுதி செய்யாமல் ஊடுபயிர் பரிந்துரைப்பது விவசாயிக்குச் செய்யும் அநீதி.

முதலில், கழுவிய வேர் முடிச்சை நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் பிளந்து, முத்துப் போன்ற வெண்ணிறப் பெண் புழு ஒன்றை எடுத்துத் தூய நீரில் பலமுறை அலசுங்கள். ஒட்டியிருக்கும் வேர்த்திசுவின் பீனால்கள் பிசிஆர் வினையைத் தடுக்கும்.

அடுத்து, புரதத்தைச் செரிக்கும் புரோட்டினேஸ் கே நொதி கலந்த 20 மைக்ரோலிட்டர் சிதைப்புக் கரைசலில் புழுவை இட்டு, அதன் தோலை ஊசியால் கிழித்துவிடுங்கள். முழுப் புழுவை அப்படியே போட்டால் தடித்த தோலைத் தாண்டி நொதி உள்ளே போகாது. குழாயை மைனஸ் 80 டிகிரியில் உறையவைத்த பின் 60 டிகிரியில் ஒரு மணி நேரமும், 95 டிகிரியில் 15 நிமிடமும் வையுங்கள். இந்தக் கடைசிச் சூடாக்கலைச் சுருக்கவே கூடாது. செயலிழக்காமல் எஞ்சும் புரோட்டினேஸ் கே, பிசிஆரில் டிஎன்ஏவைப் பெருக்கச் சேர்க்கும் டாக் பாலிமரேஸ் நொதியையே செரித்துவிடும். வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்கினால் இவ்வளவு சிறிய அளவுக் கரைசல் ஆவியாகிக் குழாயின் மூடியில் படியும் என்பதால், சூடான மூடியுள்ள பிசிஆர் கருவியையே நான் பயன்படுத்துகிறேன்.

பிரைமர்களைப் (பெருக்க வேண்டிய டிஎன்ஏ பகுதியைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) பொறுத்தவரை, இன்காக்னிட்டா, ஜவானிக்கா, அரனேரியா ஆகிய மூன்று மெலாய்டோகைன் இனங்களையும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதி தெளிவாகப் பிரித்துக்காட்டாது என்பதால், ஓர் இனத்துக்கே உரிய டிஎன்ஏ பகுதியைப் பெருக்கும் ஸ்கார் பிரைமர்களைத்தான் நான் விரும்புவேன். எம்கே7 பிரைமர் இணை எண்டரோலோபிக்கு ஜெல்லில் 520 காரஇணை (டிஎன்ஏ நீளத்தின் அலகு) பட்டையையும், எஃப்-இன்க், ஆர்-இன்க் இணை இன்காக்னிட்டாவுக்கு 1200 காரஇணைப் பட்டையையும் தரும். 25 மைக்ரோலிட்டர் வினைக்கு, புழுவைச் சிதைத்துப் பெற்ற சாறு 2 மைக்ரோலிட்டர் போதும். மற்றவை வழக்கமான பிசிஆர், 1.5 சத அகரோஸ் ஜெல்.

பின்சேர்க்கை: பட்டையே வராவிட்டால் இனம் வேறா, டிஎன்ஏ கிடைக்கவில்லையா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அதே சாற்றில், எந்த நூற்புழு இனத்திலும் வேலை செய்யக்கூடிய டி2ஏ, டி3பி பொதுப் பிரைமர்களை ஓட்டுங்கள். ஏறத்தாழ 750 காரஇணையில் பட்டை தெரிந்தால் டிஎன்ஏ நன்றாக இருக்கிறது. இனத்தைத்தான் வேறு பிரைமர்களால் தேட வேண்டும். அதுவும் தெரியாவிட்டால் சாற்றைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மீண்டும் ஓட்டுங்கள். பீனால்களின் தடையாக இருந்தால் பெரும்பாலும் அதிலேயே நீங்கிவிடும். அப்போதும் பட்டை வராவிட்டால் வேறொரு புழுவை எடுத்து முதலிலிருந்து தொடங்குவதே நல்லது.