வற்றாப்பளைக்குப் போனால் ஓர் இரவாவது தங்குங்கள்

யாழ்ப்பாணத்தில் வான் பிடித்து வந்து, முல்லைத்தீவு மாவட்டத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மனைக் கும்பிட்டு, மத்தியானத்துக்குள் திரும்பிவிடுபவர்களே அதிகம். அது போதாது. நந்திக்கடலின் மேற்குக் கரையில் இருக்கும் இந்தச் சின்ன ஊரை வெயில் தாழ்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும். அறை எடுக்க முல்லைத்தீவு நகருக்குப் போங்கள். சாமான் வாங்க, சாப்பிட முள்ளியவளை பக்கத்திலேயே இருக்கிறது.

கொழும்பிலிருந்து ரயிலில் வந்தால் மாங்குளத்தில் இறங்கி, ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு பஸ் எடுக்கலாம். ஒட்டுசுட்டான் சிவன் கோயிலில் தான்தோன்றீஸ்வரரையும் கும்பிட்டுவிடலாம். யாழ்ப்பாணத்திலிருந்து என்றால் பரந்தன், புதுக்குடியிருப்பு வழி. காட்டு வீதிகளில் யானை இறங்கும். பொழுதுபடுவதற்குள் வந்து சேருங்கள்.

முடிந்தால் வைகாசிப் பொங்கலுக்கு வாருங்கள். பொங்கல் திங்கட்கிழமை. ஆனால் ஒரு கிழமை முன்பே எல்லாம் தொடங்கிவிடும். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்துக்குக் கொண்டுவந்து, அந்த உப்புநீரில் விளக்கேற்றுவார்கள். பொங்கலன்று வற்றாப்பளையில் நிற்க இடம் கிடைக்காது. காவடி, தூக்குக்காவடி, நேர்த்திப் பொங்கல் என்று இரவு முழுக்கச் சனம். ஆறுதலாகக் கும்பிட விரும்பினால் தீர்த்தம் எடுக்கும் நாளுக்கே வந்துவிடுங்கள். அறைக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அதே வைகாசியில்தான், மே 18ஆம் தேதி, முள்ளிவாய்க்கால் நினைவு நாளும் வருகிறது. முல்லைத்தீவு நகரிலிருந்து வட்டுவாகல் பாலம் தாண்டினால் அந்த இடம். 2009இல் போர் முடிந்த நாட்களைப் பற்றி ஊர்ச்சனத்திடம் நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களே சொன்னால் இருந்து கேளுங்கள், போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். கேப்பாப்புலவுப் பக்கம் போனால் இராணுவ முகாம்களையும் படம் பிடிக்க வேண்டாம். இராணுவத்திடம் இருந்த தங்கள் காணிக்காக 2017இல் மக்கள் மாதக்கணக்கில் வீதியில் இருந்து போராடிய ஊர் அது.

இன்னொன்று மிக முக்கியம்: பழைய காணியைப் பார்க்கும் ஆசையில் பற்றைக்குள் இறங்கிவிடாதீர்கள். மிதிவெடி அபாயப் பலகை இல்லாவிட்டாலும், ஊரவர் ஒருவரைக் கேட்டு, அவர் நடக்கும் பாதையிலேயே நடவுங்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

காசு கையில் வைத்திருங்கள்; சின்னக் கடைகளில் கார்ட் எடுபடாது. கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் சுண்ணாம்பு கலந்த கல்லுத்தண்ணீர், போத்தல் தண்ணீர் நல்லது. வழியில் பாலைப்பழம் விற்றால் வாங்குங்கள். அப்புறம், நந்திக்கடல் இறாலை ஊர்ச்சமையலில் சாப்பிடாமல் கிளம்பாதீர்கள்.