பிள்ளையின் கண்ணாடிப் பவர் ஏறுகிறதா? நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்ய வேண்டாம்

என் மகளுக்கு இரண்டாம் ஆண்டு படிக்கும்போது கண்ணாடி போட்டோம். அப்போது பவர் 150, அதாவது சீட்டில் -1.50. நான்காம் ஆண்டு முடிவதற்குள் 375 ஆகிவிட்டது. அந்த இரண்டு வருடமும் வீட்டில் யாரும் சும்மா இருக்கவில்லை. வாரம் மூன்று நாள் பொன்னாங்கண்ணிக் கீரை, காலையில் கேரட் சாறு, கைப்பேசியைப் பிடுங்கி அலமாரிக்கு மேல் வைப்பது, "எந்நேரமும் கண்ணாடி போடாதே, கண் அதற்கே பழகிவிடும்" என்ற அதட்டல், எல்லாம் நடந்தன. பவர் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே இருந்தது.

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியிலேயே இப்போது இதே நிலையில் நாலைந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் அம்மாக்கள் என்னிடம் கேட்கும்போது நான் முதலில் சொல்வது இதுதான்: கிட்டப்பார்வையில் வளர்வது கண்ணாடியின் எண் அல்ல, கண்விழி. பிறக்கும்போது ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளமுள்ள கண், பெரியவரானதும் 24 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிட வேண்டும். அதையும் தாண்டி நீண்டால், தூரத்துக் காட்சி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்து மங்கிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே பவர் 250, 300 என்று ஏறும். உயரமாக வளர்ந்த பிள்ளை எப்படிக் குள்ளமாகாதோ, அப்படித்தான் நீண்ட கண்ணும் திரும்பச் சுருங்குவதில்லை. அதனால்தான் "இன்னும் கொஞ்சம் வளரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று காத்திருந்ததை நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாக நினைக்கிறேன். ஏழெட்டு வயதில் தொடங்கும் கிட்டப்பார்வைதான் வேகமாக ஏறும், ஏறுவதற்கு ஆண்டுகளும் அதற்கு நிறைய இருக்கின்றன.

தடித்த கண்ணாடி போட்டால் என்ன, அழகுக்குத்தானே குறை என்று நினைக்காதீர்கள். விழி நீள நீள உள்ளே விழித்திரை இழுபட்டு மெலிகிறது. 600 பவரைத் தாண்டியவர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரை விலகல், கண்ணழுத்த நோய், பார்வையின் நடுப்பகுதியே கெடுவது போன்ற ஆபத்துகள் கூடுகின்றன. பதினெட்டு வயதுக்குப் பிறகு லேசர் செய்துகொள்ளலாமே என்பார்கள். லேசர் கண்ணின் முன்பக்கக் கருவிழியைத்தான் செதுக்குகிறது. கண்ணாடி போய்விடும், நீண்ட விழியும் மெலிந்த விழித்திரையும் அப்படியே இருக்கும். பிள்ளை எந்தப் பவரில் நிற்கிறது என்பது அதனால்தான் இவ்வளவு முக்கியம். 100 பவர் குறைவாக நிறுத்த முடிந்தாலே, கிட்டப்பார்வையால் விழித்திரையின் நடுப்பகுதி கெடும் ஆபத்து சுமார் 40% குறையும் என்று 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை கணித்தது.

அடுத்த தவறு, பவரைக் குறைத்துப் போடுவது. முதல் கண்ணாடி வாங்கிய கடையில், "முழுப் பவர் போட்டால் கண் சோம்பேறியாகிவிடும், கொஞ்சம் குறைத்தே போடுவோம்" என்றார்கள். எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. பிள்ளை வெள்ளைப்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள், நாங்களோ அதைக் கண்ணுக்குப் பயிற்சி என்று நம்பிக்கொண்டிருந்தோம். இந்த நம்பிக்கை தவறு என்று காட்டிய ஆய்வு நம் கோலாலம்பூரிலேயே நடந்திருக்கிறது. அது தெரிந்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. யூகேஎம் எனப்படும் மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 9 முதல் 14 வயது வரையுள்ள 94 பிள்ளைகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு முழுப் பவரும் மற்றவர்களுக்கு 75 குறைத்தும் கண்ணாடி கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுக்குப் பிறகு, முழுப் பவர் போட்டவர்களுக்குச் சராசரியாக 77 ஏறியிருந்தது, குறைத்துப் போட்டவர்களுக்கு 100. 2002-இல் அந்த முடிவு வெளியானது. இடைவெளி மலையளவு இல்லைதான். ஆனால் குறையும் என்று நம்பிச் செய்தது கூட்டித்தான் விட்டிருக்கிறது. மங்கலாகப் பார்க்கும் பிள்ளை வகுப்பில் பின்தங்குவதும், பந்து வருவது தெரியாமல் விளையாட்டை விட்டு ஒதுங்குவதும் தனிக் கணக்கு.

கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பரிசோதிக்க வேண்டாம் என்று மறுப்பதும் தவறே. சிறு பிள்ளைகளின் கண் தசை இறுகிப்போய், இல்லாத பவரை இயந்திரத்தில் காட்டுவதுண்டு. தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால்தான் உண்மையான எண் தெரியும். ஒரு நாள் போல கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மாலை அல்லது சனிக்கிழமை போங்கள், பிள்ளைக்கு ஒரு தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். விழியின் நீளத்தை அளக்கும் கருவி இருக்கிறதா என்றும் கேளுங்கள். நான் இப்போது ஒரு சிறு நோட்டில் தேதி, பவர், விழி நீளம் மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதி வைக்கிறேன். மருத்துவர் அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் பேசவே ஆரம்பிக்கிறார்.

இனி வெயில். இதை நினைத்தால்தான் எனக்கு ஆதங்கம் அடங்குவதில்லை. வருடம் முழுக்க வெயில் கொட்டும் ஊரில் இருக்கிறோம், நம் பிள்ளைகள் அதைப் பார்ப்பதேயில்லை. காலையில் ஏழரைக்குப் பள்ளி, பிறகு டியூஷன், அது முடிந்தால் நடனமோ தேவார வகுப்போ, மின்தூக்கியில் ஏறி வீடு, வீட்டுப்பாடம். 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் ஆறேழு வயதுச் சீனப் பிள்ளைகளை ஒப்பிட்டது. கிட்டப்பார்வை சிங்கப்பூரில் 29.1%, சிட்னியில் 3.3% தான். பெற்றோரின் கிட்டப்பார்வையில் பெரிய வேறுபாடு இல்லை. பெரிய வேறுபாடு வெளியில் இருந்த நேரத்தில்தான்: சிட்னியில் வாரம் சுமார் 14 மணி நேரம், சிங்கப்பூரில் 3. சீனாவின் குவாங்சோவில் பள்ளி நாளோடு 40 நிமிட வெளி நேரத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவீதத்துக்குப் பதில் 30.4 சதவீதம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வீட்டு விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான், வெளியே மர நிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ். அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்க வைத்து, விழி நீள்வதைத் தடுக்கிறது என்பதே ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். எனவே தொப்பி போடலாம், நிழலில் விளையாடலாம்.

ஆனால் இதிலும் ஒரு பிழை உண்டு. வெளியில் விளையாடினால் ஏறிய பவர் இறங்கிவிடும் என்று எதிர்பார்ப்பது. வெயிலின் பலன் பெரும்பாலும் கிட்டப்பார்வை வராமல் தள்ளிப் போடுவதில்தான். வந்துவிட்ட பிறகு அதன் வேகம் குறைவது கொஞ்சமே. மகளுக்குக் கண்ணாடி போட்ட அன்றே தம்பியைப் பற்றி யோசித்திருக்க வேண்டும், நாங்கள் யோசிக்கவில்லை. இப்போது அவனுக்கு ஐந்து வயது. கோலாலம்பூரில் ஏழு மணிக்குப் பிறகுதான் பொழுது சாய்கிறது, ஐந்தரைக்கு இறங்கினாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் மிச்சம் இருக்கும். மாலை மழை வந்த வாரங்களில் ஞாயிறு காலை தித்திவங்சா ஏரிக்குப் போய்விடுகிறோம். புகைமூட்ட நாள்களில் மட்டும் வெளியே வேண்டாம். தைவான் பள்ளிகள் 2010 முதல் நாளுக்கு 120 நிமிடத்தை இலக்காக வைத்திருக்கின்றன. எங்களுக்கு அது தினமும் முடிவதில்லை, முடிந்தவரை செய்கிறோம்.

கைப்பேசியைப் பிடுங்கிவிட்டுக் கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தோம். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்து வேலைதான். முகத்துக்கும் புத்தகத்துக்கும் 30 சென்டிமீட்டராவது இருக்கட்டும், 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து சன்னலுக்கு வெளியே பார்க்கட்டும். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குச் செலவழித்த பணம் வீண், அது கிட்டப்பார்வையைத் தடுப்பதில்லை. கீரையும் கேரட்டும் உடம்புக்கு நல்லது, நாங்கள் இன்றும் சமைக்கிறோம். விழியின் நீளத்தை அவை ஒன்றும் செய்யாது.

வேகத்தைக் குறைக்க நிரூபிக்கப்பட்ட வழிகள் இன்று உண்டு. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தோடு உருவாக்கப்பட்ட மியோஸ்மார்ட் கண்ணாடி இரண்டு ஆண்டு ஆய்வில் பவர் ஏறும் வேகத்தை 52% குறைத்தது. பகலில் போட்டுக் கழற்றி எறியும் மைசைட் கான்டாக்ட் லென்ஸ் மூன்று ஆண்டில் 59%. ஸ்டெல்லஸ்ட் கண்ணாடி, இரவில் போட்டுத் தூங்கும் லென்ஸ், குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து ஆகியவையும் இருக்கின்றன. இவை சராசரிக் கணக்குகள், எந்தப் பிள்ளைக்கு எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். விலை சாதாரணக் கண்ணாடியைவிட மிக அதிகம் என்பதையும் மறைக்க மாட்டேன்.

பணம் கட்டிய பிறகு நடக்கும் தவறுகள்தான் மனதை வருத்துகின்றன. அந்தக் கண்ணாடியைப் பள்ளிக்கு மட்டும் போட்டுவிட்டு வீட்டில் கழற்றி வைப்பார்கள். ஸ்டெல்லஸ்ட் ஆய்விலேயே நாளுக்கு 12 மணி நேரமாவது போட்ட பிள்ளைகளுக்குத்தான் நல்ல பலன் கிடைத்தது. பவர் நின்றுவிட்டது என்று அட்ரோபினைத் திடீரென நிறுத்துவார்கள். மருந்தின் வீரியம் கூடக்கூட, நிறுத்திய பிறகு பவர் மீண்டும் வேகமாக ஏறியதைச் சிங்கப்பூர் ஆய்வு காட்டியது. அக்காளின் சொட்டு மருந்தைத் தம்பிக்கு விடாதீர்கள். இரவு லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் ஒருபோதும் கழுவாதீர்கள். அதில் வரும் கிருமித்தொற்று கருவிழியையே புண்ணாக்கிப் பார்வையைப் பறிக்கக்கூடும். கண் சிவந்து வலித்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள். கிட்டப்பார்வைக்கென்று விற்கும் சிவப்பு ஒளிக் கருவியை இணையத்தில் வாங்கி வீட்டில் பிள்ளையின் கண்ணில் காட்டவே வேண்டாம்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கி அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போகலாம். ஜாலான் ராஜா மூடா அப்துல் அஸீஸில் உள்ள யூகேஎம் கோலாலம்பூர் வளாகத்திலும் கண் பரிசோதனை கிளினிக் இருக்கிறது. போகும்போது பிள்ளையின் பழைய கண்ணாடிகளையும் பவர் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். உங்கள் பவரையும் உங்கள் வீட்டுக்காரரின் பவரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தாய் தந்தை இருவருக்குமே கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அதையும் அங்கே கேட்பார்கள். கீழே ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், கண் நன்றாகத் தெரிகிறது என்று அவர்கள் சொன்னாலும், அதே நாளில் கூட்டிப் போங்கள்.