அந்தமானுக்குக் குடும்பத்தோடு கிளம்பும் குமரி மாவட்டத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரையாண்டு விடுமுறை நெருங்கினால் போதும், வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரே மாதிரி செய்திகள் வரத் தொடங்கிவிடும். "அண்ணே, மூணு குடும்பமா அந்தமான் போறோம். பிளான் அனுப்பியிருக்கேன், ஒண்ணு பாத்துச் சொல்லுங்க." ஒருவர் மார்த்தாண்டம், ஒருவர் தக்கலை, இன்னொருவர் நாகர்கோவிலில் பக்கத்துத் தெரு. ஆளும் தேதியும்தான் மாறுகின்றன, தவறுகள் அப்படியே இருக்கின்றன. நண்பர்களின் குடும்பங்களோடு அங்கே போய்வருகிறவன், போகிறவர்களுக்குத் திட்டம் சரிபார்த்துக் கொடுக்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தொப்பி, ஆதார், தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

முட்டமும் சொத்தவிளையும் தேங்காய்ப்பட்டணமும் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால் நம் ஊர்க்காரர்களுக்குக் கடல் விஷயத்தில் ஒரு துணிச்சல் உண்டு. நான் பார்த்த தவறுகளில் பாதி அந்தத் துணிச்சலில் வருவதுதான். தீவுப் பயணத்தில் எதற்கும் முதலில் கடலைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். லீவு, டிக்கெட் விலை எல்லாம் அதற்குப் பிறகு.

மே கடைசியில் போவது

பள்ளிக்கூடம் திறக்கும் முன் போய்வந்துவிடலாம் என்று மே கடைசி வாரத்தைப் பிடிக்கிறார்கள். இடவப்பாதி நமக்கு ஜூன் முதல் தேதியை ஒட்டித்தான் தொடங்கும் என்ற கணக்கு அது. ஆனால் அதே தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு வருமுன்பே, மே மூன்றாம் வாரவாக்கில், அந்தமான் கடலைத் தொட்டுவிடும். இங்கே வெயில் கொளுத்தும்போது அங்கே மழையும் காற்றும் தொடங்கியிருக்கும். கோடை விடுமுறையில்தான் போக முடியும் என்றால் ஏப்ரல் கடைசியோ மே முதல் வாரமோ போங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுகள் உருவாகிற காலம். பூஜை விடுமுறையில் போகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். கிறிஸ்துமஸை வீட்டில் கொண்டாடிவிட்டு 26-ஆம் தேதி கிளம்பும் குடும்பங்கள் நம் பக்கம் நிறைய உண்டு. அந்த நாட்களில் மழை குறைவாக இருந்தாலும் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும்.

ஃபெர்ரியும் விமானமும் ஒரே நாளில்

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை பேருக்கு எடுத்துச் சொன்னாலும் அடுத்து வரும் திட்டத்தில் இது மறுபடி இருக்கிறது. எனக்கு இன்னும் ஆற்றாமையாகவே இருக்கிறது.

எனக்கு வரும் திட்டங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். போர்ட் பிளேரில் (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்) இறங்கி, முதல் இரண்டு நாள் செல்லுலார் சிறை, ராஸ் தீவு (இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு), கடைவீதி. பிறகு ஹேவ்லாக் (இப்போது ஸ்வராஜ் தீவு), நீல் (இப்போது ஷஹீத் தீவு) என்ற இரண்டு தீவுகள். கடைசி நாள் காலை ஹேவ்லாக்கிலிருந்து ஃபெர்ரி, மதியம் போர்ட் பிளேரில் விமானம், மாலை எழும்பூரில் நாகர்கோவில் ரயில். எங்கும் ஒரு மணி நேரம்கூட வீணாகாமல் மிகக் கச்சிதமாகத் தெரியும். ஆனால் மூன்று டிக்கெட்டும் ஒன்றை நம்பி ஒன்று நிற்கிறது, அந்த மூன்றில் முதலாவது கடலின் கையில் இருக்கிறது.

தனியார் ஃபெர்ரிகள் ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேருக்கு ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். அரசுக் கப்பலுக்கு இரண்டரை மணி நேரம் வரை ஆகும். நடுவில் இருப்பது திறந்த கடல். காற்று ஏறினால் துறைமுகத்தில் நிறுத்தச் சொல்லிவிடுவார்கள், அப்புறம் யார் பேசியும் பயனில்லை. நம் ஊரில் கரையிலிருந்து விவேகானந்தர் பாறை 500 மீட்டர் தூரம்தான். கடல் சீற்றம் என்றாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் அந்தப் படகையே நிறுத்திவிடுகிறார்கள் என்று ஆண்டு முழுக்கச் செய்தி படிக்கிறோம். 500 மீட்டருக்கே அப்படி என்றால் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு என்ன உத்தரவாதம்? 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயலைப் பார்த்த மாவட்டம் இது. கப்பலை நிறுத்துகிறவர்கள் மேல் நாம் கோபப்படுவது சரியல்ல. கோபப்பட வேண்டியது திட்டத்தின் மேல்.

ஒருமுறை நான்கு குடும்பங்களாகப் போனோம். திட்டம் போட்டவர் நண்பர் ஒருவர். வேலையில் மிகக் கெட்டிக்காரர். நாட்களின் வரிசையை மாற்றிப் போடச் சொன்னேன். "ஒரு நாள் சும்மா வீணாகுமே" என்றார். கடைசி நாளுக்கு முந்தைய மாலை ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் நிற்கும்போதே தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. பச்சை போய்ச் சாம்பலாகி, அலைகள் கரையில் விழும் இடைவெளி குறைந்திருந்தது. இரவு எட்டரை மணிக்கு ஃபெர்ரி ரத்து என்று குறுஞ்செய்தி வந்தது. விடியுமுன்பே படகுத்துறைக்குப் போனோம். அரசுக் கப்பல் ஓடினால் அதிலாவது ஏறலாம் என்று. எங்களுக்கு முன்பே அங்கே பெரிய கூட்டம். அரசுக் கப்பலில் தீவுவாசிகளுக்குத்தான் முதலிடம். அது நியாயமும்கூட. ஆஸ்பத்திரிக்கும் பரீட்சைக்கும் போகிறவர்கள் அவர்கள். பெண்கள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். நண்பரின் சின்ன மகள் நனைந்த துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு பையின் மேல் தூங்கினாள். நண்பர் மட்டும் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி சிக்னல் தேடி படகுத்துறையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தார். அன்று எந்தக் கப்பலும் ஓடவில்லை.

பணக் கணக்கு எப்படி முடியும் என்று சொல்கிறேன். ஃபெர்ரிக்காரர்கள் ஃபெர்ரிக் காசைத் திருப்பித் தந்துவிடுவார்கள், அது அவர்கள் ரத்து செய்தது. விமானம் ரத்தாகவில்லை. அது நேரத்துக்குப் பறந்துவிட்டது, நாம்தான் போகவில்லை. அதனால் டிக்கெட் பணத்தில் பெரும்பகுதி போனது போனதுதான். மறுநாள் அத்தனை பேருக்கும் அன்றைய விலைக்கு டிக்கெட் போட்டார்கள். முதலில் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ரயிலும் போச்சு. ஹேவ்லாக்கில் ஒரு ராத்திரி அறை, சென்னையில் ஒரு ராத்திரி அறை. ஒருவருக்குத் திங்கட்கிழமை அலுவலகத்தில் தணிக்கை, இன்னொருவர் மகனுக்குச் செய்முறைத் தேர்வு. நான்கு குடும்பங்களுக்குள் யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சென்னை வரும் வரை யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவும் இல்லை.

இதைத் தவிர்க்க ஒரு பைசா கூடுதல் செலவில்லை. அதே நாட்களை வரிசை மாற்றிப் போட்டால் போதும். வந்து இறங்கிய மறுநாள் காலையே தீவுகளுக்குப் போய்விடுங்கள். ஹேவ்லாக், நீல் இரண்டையும் முதலில் முடித்துவிட்டு, கடைசி ஒரு முழு நாளையும் இரவையும் போர்ட் பிளேருக்கு ஒதுக்குங்கள். கப்பல் ஒரு நாள் தாமதமானாலும் விமானம் தவறாது. அந்த நாள் வீணாகும் என்பதும் சரியல்ல. 1906-இல் கட்டி முடித்த செல்லுலார் சிறையின் அறைகளை வரிசையாகப் பார்த்து, சுவரில் எழுதியிருக்கும் பெயர்களைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டவே அரை நாள் வேண்டும். ராஸ் தீவு இருக்கிறது. அபர்தீன் பஜாரில் தமிழில் பேசியே பொருள் வாங்கலாம். வெற்றிமலை முருகன் கோவிலுக்குப் போய்வரலாம். கப்பல் பற்றிய கவலை இல்லாத நாள் என்பதால் பெரியவர்களும் நிம்மதியாகச் சுற்றுவார்கள்.

இந்த வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்கூபா முங்கினால் உடனே விமானம் ஏறக்கூடாது. ஆழத்தில் அழுத்தத்தினால் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், விமானத்தில் அழுத்தம் குறையும்போது குமிழிகளாக வெளியேறினால் ஆபத்து. ஒரே ஒரு முறை முங்கினாலும் 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். 24 விட்டால் நிம்மதி. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை ஸ்கூபாவுக்கு அனுப்பச் சொல்லி யார் ஆசை காட்டினாலும் வேண்டாம்.

சென்னை ரயிலுக்கும் இதே விதிதான். விமானம் இறங்கும் நாளிலேயே ரயிலைப் போட்டால் நடுவில் ஆறு மணி நேரமாவது விடுங்கள்.

ஏற்ற இறக்கம் பார்க்காமல் போவது

நம் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் குளச்சல்காரருக்குக்கூட அது சுற்றுலாவில் ஒரு விஷயமாகத் தோன்றாது. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். காலையில் பிள்ளைகள் நீந்திய இடம் மதியம் வெறும் பாறையும் பவளமுமாகக் கிடக்கும். நீல் தீவின் இயற்கைப் பாலத்தை நீர் வற்றியிருக்கும்போதுதான் பக்கத்தில் போய்ப் பார்க்க முடியும். ஏற்றத்தில் போனவர்கள் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். அதே தீவின் பரத்பூரிலோ நீர் வற்றிவிட்டால் குளிக்க ஆழமே இருக்காது.

ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். போர்ட் பிளேர் ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணையைப் போனில் எடுத்து, எந்த நாள் எந்த நேரம் எந்தக் கரை என்று அறை போடும்போதே குறித்துக்கொள்ளுங்கள். டிரைவர் சொல்கிற நேரத்துக்குப் போனால் அது டிரைவருக்கு வசதியான நேரமாக இருக்கும். வற்றிய பாறையில் நடக்க அடிப்பகுதி கெட்டியான பழைய செருப்போ ரப்பர் ஷூவோ வேண்டும். பவளம் கீறினால் புண் ஆற நாளாகும்.

ஐந்து மணிக்கு இருட்டிவிடும்

டிசம்பரில் கன்னியாகுமரியில் சூரியன் மறைவது ஆறு மணிக்குக் கொஞ்சம் மேலே. அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் ஒன்றே. அங்கே ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடும். மதியம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, நாலரைக்கு ராதாநகர் போகும் குடும்பங்கள் அரை மணி நேரத்தில் திரும்புகின்றன. ஐந்தரைக்கே விடிந்துவிடுகிறது. ஆகவே ஆறு மணிக்குக் கடலில் இருங்கள்.

கடல் மயக்கம்

மாத்திரையைக் கப்பல் ஏறுவதற்கு அரை மணி முன் போடுங்கள். ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

ரொக்கம்

2020-இல் கடலடிக் கேபிள் வந்த பிறகு இணையம் தேறிவிட்டது, ஆனால் நீல் தீவில் ஜிபேயை மட்டும் நம்பி நிற்காதீர்கள்.

சங்கும் பவளமும்

கரையில் ஒதுங்கியதாக இருந்தாலும் எடுக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் இருக்கிறது, விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்க வைப்பார்கள். பிள்ளைகளின் பைகளையும் பாருங்கள்.

"நாங்க கடற்கரைக்காரங்க"

உயிர்காப்பாளர் விசில் ஊதும்போது இதைச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 2024 மே 6 அன்று நம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுபட்டு இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாள் அது. எங்கோ தொலைவில் புயற்காற்றில் எழுந்த அலை, இங்கே காற்றே இல்லாதபோதும் கரையேறி அடிப்பதுதான் கள்ளக்கடல். வானத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. சொந்த ஊர்க் கடலையே நாம் முழுக்கப் படித்துவிடவில்லை, முன்பின் தெரியாத கரையில் அங்கிருப்பவர் சொல்வதைக் கேளுங்கள். அந்தமானில் உப்புநீர் முதலைகளும் உண்டு. எச்சரிக்கைப் பலகை வைத்த கரையிலும், சதுப்புநிலக் காடும் ஓடையும் கடலில் சேரும் இடங்களிலும் கால் நனைக்கவே வேண்டாம். வலை கட்டிய இடத்தில் வலைக்கு உள்ளே மட்டும்.

எல்லாரும் எல்லாவற்றுக்கும்

நண்பர்களோடு போவதில் சுகமும் தொல்லையும் கூட்டம்தான். பதினான்கு பேரும் சேர்ந்தே எல்லாம் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அத்தைக்கு முட்டி வலிக்கும், கைக்குழந்தை அழும், நீந்தத் தெரிந்தவர்கள் கரையில் காத்திருப்பார்கள். பாராதாங் தீவின் சுண்ணாம்புக் குகைக்கு அதிகாலை இருட்டில் கிளம்பி, ஜாரவா பழங்குடியினர் வாழும் காப்புக்காடு வழியே வாகன வரிசையில் போய், மாலையில்தான் திரும்ப முடியும். முதியவர்களை அதில் இழுத்துப் போகாதீர்கள். போகிறவர்கள் அந்தக் காட்டு வழியில் கேமராவை வெளியே எடுக்கவே கூடாது. அங்கே வாழும் மக்கள் வேடிக்கைப் பொருள் அல்ல, படம் எடுப்பது குற்றமும்கூட.

தண்ணீரில் பிள்ளைகள் இருக்கும்போது "யாராவது பாத்துப்பாங்க" என்று நான்கு குடும்பமும் நினைத்தால் ஒருவரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அரை மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி முறை வையுங்கள். முறைக்காரர் போனைக் கொடுத்துவிட்டு, கால் நனையும் தூரத்தில் நிற்க வேண்டும். அவர் "போதும், மேல வாங்க" என்றால் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் ஏறிவிட வேண்டும். கிளம்புவதற்கு முன் நாகர்கோவிலில் உட்கார்ந்து டிக்கெட்டைப் பேசும்போதே இதையும் பேசி ஒப்புக்கொள்ளுங்கள்.